டேவ் தெரியாதவளும் நம் வகுப்பில்தான் படித்தாள்

ஞாயிற்றுக்கிழமை நம் பள்ளிக்கூடப் பழைய மாணவர் கூட்டத்தில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் நான்கு நாட்களாக இருந்தேன். நம்மோடு படித்த ஒருத்தியைக் கேலி செய்து மண்டபமே சிரித்த அந்த வீடியோவை இதற்குள் பார்த்திருப்பீர்கள். முதலில் நம் பேட்ச் குரூப்பில் மட்டும்தான் கிடந்தது. நேற்று முகநூலுக்கும் வந்துவிட்டது. கீழே வரிசையாகச் சிரிக்கிற பொம்மைகள். அதைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

மேடையில் கேட்டது சின்னக் கேள்விதான். 'டேஞ்சரஸ் டேவ் கேம்ல கதவு திறக்கணும்னா எதை எடுக்கணும்?' பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் ரூமில் நாங்கள் ஆடிய கேம் அது. கோப்பையை எடுக்க வேண்டும். எனக்குத் தெரியும், கையையும் தூக்கினேன். மைக் என்னிடம் வரவில்லை, பக்கத்தில் இருந்த அவளிடம் போனது. அவள் 'தெரியலையே' என்றாள். உடனே மேடையிலிருந்து, 'இதுகூடத் தெரியாம நீயெல்லாம் என்ன 90ஸ் கிட்? உனக்கு சைல்ட்ஹுட்டே இல்லையா?' மண்டபமே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். அந்த கம்ப்யூட்டர் ரூம் நம் எல்லோருடைய சின்ன வயதும் இல்லை. ஃபீஸ் கட்டியவர்களின் சின்ன வயது. நம் வகுப்பில் 54 பேர். மாதம் 40 ரூபாய் கம்ப்யூட்டர் ஃபீஸ் கட்டியவர்கள் இருபதுக்குக் கொஞ்சம் மேலே. மீதிப் பேர் அந்தப் பீரியடில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பாடம் படித்தார்கள். 1997-ல் கோவில்பட்டிப் பக்கத்தில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற வீட்டில் 40 ரூபாய் என்றால் என்ன என்று நம்மில் பலருக்கு மறந்துபோயிருக்கலாம். அவள் வீட்டில் மூன்று பிள்ளைகள்.

எனக்கும் அந்த ரூம் மேல் உயிர்தான். செருப்பை வெளியே கழற்றி வரிசையாக விட்டுவிட்டு உள்ளே போகும்போது காலில் ஏறும் அந்தக் குளிர். பள்ளிக்கூடத்திலேயே ஏசி இருந்த ஒரே அறை அது. தூசி உள்ளே போனால் கம்ப்யூட்டருக்கு வைரஸ் வரும் என்று சார் சொன்னதை அப்படியே நம்பினோம். நான்கு கம்ப்யூட்டர். அதில் இரண்டுக்கு ஹார்ட் டிஸ்க் கிடையாது. கறுப்பாக, அப்பளம்போல வளைகிற ஐந்தேகால் இஞ்ச் ஃப்ளாப்பி டிஸ்க்கைப் போட்டு, சின்னக் கதவுபோல இருக்கும் அந்தப் பிடியைத் திருப்பினால்தான் உயிர் வரும். கறுப்புத் திரையில், கேம் இருக்கும் இடத்துக்குப் போக 'சிடி கேம்ஸ்' என்று அடித்து ஒரு என்டர், 'டேவ்' என்று அடித்து இன்னொரு என்டர். சிவப்புத் தொப்பி போட்ட டேவ் வந்து நிற்பான். மூன்று உயிர், பத்து லெவல். ஒரு தடவைக்கு ஒரு கீபோர்டில் மூன்று பேர் என்பதால் ஒருவர் அம்புக்குறி, ஒருவர் துப்பாக்கிக்கான கன்ட்ரோல் பட்டன். மூன்றாவது ஆள் 'குதி, குதி' என்று கத்த வேண்டும். பெண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் கத்துகிற வேலைதான். சரி, அது வேறு கதை.

பிரின்ஸ் ஆஃப் பெர்சியா கேம் வந்தபோது நாங்கள் பேச்சையே மறந்துவிட்டோம். அவன் ஓடுவதும், பள்ளத்தைத் தாண்டி விளிம்பில் தொங்கி மேலே ஏறுவதும் பொம்மை மாதிரியே இருக்காது. ஆள் ஓடுவதுபோலவே இருக்கும். அந்த கேமை உருவாக்கிய ஜோர்டன் மெக்னர் தன் தம்பியை ஓடவும் குதிக்கவும் சொல்லி வீடியோ எடுத்து, அதைப் பார்த்துத்தான் ஒவ்வொரு அசைவையும் வரைந்தார் என்று பல வருடம் கழித்துப் படித்தேன். தரையிலிருந்து முள் கிளம்பும் இடத்தில் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ஓரோர் அடியாக நடக்க வேண்டும். கதைப்படி இளவரசியைக் காப்பாற்ற 60 நிமிடம். எங்களுக்குக் கிடைத்ததோ பீரியடின் கடைசிப் பத்து நிமிடம். ஒருமுறைகூட அந்த இளவரசியிடம் போய்ச் சேர்ந்ததில்லை.

இதையெல்லாம் மறக்கச் சொல்லவில்லை. இது கிடைக்காதவளைப் பார்த்து 'உனக்குக் குழந்தைப் பருவமே இல்லையா' என்று கேட்காதீர்கள் என்கிறேன். அந்த ரூம் ஜன்னலில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது ஞாபகம் இருக்கிறதா? ஏசிக் குளிர் வீணாகக் கூடாது, வெயில் படக் கூடாது என்று ஒட்டியது. வெளியே நின்று எட்டிப் பார்த்தால்கூட ஒன்றும் தெரியாது. டேவ் சிவப்புத் தொப்பியா பச்சைத் தொப்பியா என்பதுகூட அவளுக்குத் தெரிய வழியில்லை.

இப்போது ஒரு விஷயம் சொல்கிறேன். இத்தனை வருடம் யாரிடமும் சொன்னதில்லை.

எட்டாம் வகுப்பில் நமக்கு லோகோ என்கிற கம்ப்யூட்டர் மொழி இருந்தது. திரையில் ஒரு சின்ன முக்கோணம், அதற்குப் பெயர் ஆமை. 'எஃப்டி 100' என்றால் நூறு அடி முன்னால் போகும், 'ஆர்டி 90' என்றால் வலது பக்கம் திரும்பும். சார் கொடுத்த நோட்ஸை மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் வாங்கிப் படிப்பாள். கணக்கு நோட்டின் கட்டங்களில் பென்சிலால் அந்த ஆமையை நடத்திப் பார்ப்பாள். 'ரிப்பீட் 4' போட்டு 90 திரும்பினால் சதுரம் என்று நோட்ஸில் இருந்தது. அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'அப்போ ஆறு தடவை, அறுபது அறுபதா திரும்பினா ஆறு மூலை வரும்ல? மொத்தத்துல 360 வந்தாப் போதும்லா?' என்றாள். நோட்ஸில் அது இல்லை. சாரும் அதுவரை சொல்லித்தரவில்லை. கம்ப்யூட்டரைத் தொடாத பெண், சோற்றுத் தூக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தானாகக் கண்டுபிடித்தாள்.

அடுத்த நாள் நான் உள்ளே போய் அதை அடித்தேன். அறுகோணம் வந்தது. சார் கூப்பிட்டு எல்லோருக்கும் காட்டினார். 'வெரி குட்' என்றார். அது அவள் கண்டுபிடித்தது என்று நான் சொல்லவில்லை. வெளியே வந்து அவளிடம் 'வந்துச்சுடி' என்று மட்டும் சொன்னேன். அவள் கண் விரிந்தது. 'எப்படி இருந்துச்சு?' என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்த்துத்தான் சிரித்தீர்கள்.

லோகோவை 1967-ல் உருவாக்கியவர்கள் சீமோர் பேப்பர்ட், வாலி ஃபியூர்சைக், சிந்தியா சாலமன். சின்னப் பிள்ளைகள் கம்ப்யூட்டருக்குக் கட்டளை போட்டு, தப்பு செய்து, திருத்தி, அதன் வழியாகக் கணக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று செய்தது. பிள்ளைகளின் கை படத்தான் அந்த மொழியே பிறந்தது. நம் ஊரில் அதைக் கறுப்புத் தாளுக்குப் பின்னால் வைத்துப் பூட்டினோம்.

குரூப்பில் இதைச் சொன்னதும், 'எதுக்கெடுத்தாலும் பணம், சாதி, வர்க்கம்னு பேசாதீங்க' என்று ஒருவர் போட்டிருந்தார். நான் சாதியைப் பேசவே இல்லை. 40 ரூபாயைப் பேசினேன்.

'பள்ளிக்கூடம் என்ன செய்யும்?' என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. அந்த நான்கு கம்ப்யூட்டரை வாங்கவே கடன் பட்டிருப்பார்கள். சாருக்கே யாரும் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. ராத்திரி உட்கார்ந்து படித்துவிட்டு வந்து காலையில் எங்களுக்கு நடத்தினார். கரண்ட் போய் யுபிஎஸ் கத்த ஆரம்பித்தால் எங்களுக்கு முன்னால் அவர் முகம்தான் மாறும். அவர் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு. பள்ளிக்கூடத்தை நான் குறை சொல்லவில்லை. அன்றைக்கு இல்லாமை. அது புரிகிறது. இத்தனை வருடம் கழித்து, வயிறார சாப்பிட்டுவிட்டு, மைக் பிடித்துச் சிரித்ததுதான் புரியவில்லை.

'அவளே சிரிச்சிட்டா, உனக்கு என்ன?' இதை மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். முந்நூறு பேர் பார்க்கும்போது அவள் வேறு என்ன செய்வாள்? அழ வேண்டுமா? எழுந்து போக வேண்டுமா? சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். பாயசம் வாங்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தாள். அவள் ஊர் பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

'ஜாலியா எடுத்துக்கோங்க அக்கா' என்று போட்டிருக்கும் தம்பிக்குப் பதில் சொல்ல எனக்கு மனமில்லை.

இன்னொன்றும் அன்று காதில் விழுந்தது. அதுதான் என்னை இன்னும் அதிகம் எரிக்கிறது. அதே மண்டபத்தில், அதே மதியம், அரசு கொடுத்த இலவச லேப்டாப்பைப் பற்றிப் பேச்சு வந்தது. 'ஓசி லேப்டாப்ல படம் பாக்குதுங்க, கேம் ஆடுதுங்க, அவ்வளவுதான்' என்று சொன்னவர்கள் யார்? மேடையில் டேவ் கேள்விக்குக் கை தூக்கியவர்கள். நாம் என்ன செய்தோம் அந்த ரூமில்? கேம்தானே ஆடினோம்? அதை இன்றைக்குப் பொக்கிஷம் மாதிரி சொல்லிக்கொள்கிறோம். கேம் திறக்கத்தானே அந்தக் கறுப்புத் திரையில் அடிக்கிற டாஸ் கமாண்ட் மனப்பாடம் ஆனது? கேம் ஓடாதபோதுதானே 'டைர்' அடித்து எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று தேடக் கற்றோம்? அந்த ரூம்தான் எங்களை ஐடிக்குக் கொண்டுபோனது என்று மேடையில் மூன்று பேர் பேசினார்கள். உண்மை. என்னையும் அதுதான் கொண்டுபோனது. 2011-ல் அந்தத் திட்டம் தொடங்கிய பிறகுதான் நம் பக்கத்து வீடுகள் பலவற்றில் முதல் கம்ப்யூட்டரே வந்தது. நாம் ஆடினால் அது இனிய நினைவு, ஏழை வீட்டுப் பிள்ளை ஆடினால் அது வீணடிப்பா? அவள் மகளும் பிளஸ் டூ முடிக்கும்போது அந்த லேப்டாப் வாங்கியவள்தான். அது தெரிந்தா பேசினீர்கள், தெரியாமலா?

வீட்டில் என் கணவர்கூட 'விடு, இவ்வளவு யோசிக்காதே' என்றார். யோசிக்காமல் இருந்துதானே அன்று நான் அந்த 'வெரி குட்'டை வாங்கிக்கொண்டு வந்தேன்?

வியாழக்கிழமை அவளுக்கு போன் போட்டேன். அறுகோண விஷயத்தைச் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன். அவளுக்கு அது ஞாபகமே இல்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'ஏ, அந்த வீடியோவ மட்டும் எடுக்கச் சொல்லேன். மருமகன் வீட்ல பாத்துட்டாங்க' என்றாள்.

குரூப்பில் கேட்டேன். போட்டவருக்குத் தனியாகவும் எழுதினேன். பார்த்துவிட்டார், நீல டிக் விழுந்துவிட்டது. இதை எழுதி முடிக்கும் இந்த நேரம்வரை வீடியோ அங்கேயேதான் இருக்கிறது. எடுத்துவிடுங்கள்.