மதுரைக்கு வரும் மீன் எந்த வலையில் சிக்கியது?

மன்னார் வளைகுடாவைக் காக்க வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம், கடற்பாசி எடுக்கும் பெண்களையும் நாட்டுப்படகு மீனவர்களையும் தீவுப்பக்கம் போகாமல் தடுப்பதுதான் முதல் வேலையாக நடக்கிறது. அந்தக் கடலிலிருந்து வெகுதூரம் தள்ளி மதுரையில் இருந்துகொண்டு வாரந்தோறும் மீன் வாங்கும் நம்மிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. இது நியாயமில்லை என்பதே என் கருத்து.

இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் இருக்கும் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த ஆழமற்ற கடலும் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அங்கே கடலடி வெறும் மணல் அல்ல. பவளப்பாறைகளும், மீனவர்கள் 'பார்' என்று அழைக்கும் கல் திட்டுகளும், அவற்றுக்கு இடையே பரந்து கிடக்கும் கடற்புல் வெளிகளுமாகக் கரடுமுரடாக இருக்கிறது. விளைமீனும் கலவாயும் இந்தப் பார்களை அண்டி வாழ்கின்றன. ஓரா மீனும் பச்சை ஆமையும், ஆவுளியா என்று கரையோர மக்கள் சொல்லும் கடற்பசுவும் புல்லை மேய்ந்து பிழைக்கின்றன. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் ஏற்கெனவே நீருக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்காகப் பல ஆண்டுகள் பவளப்பாறையை வெட்டி எடுத்தது அதற்கு முக்கியக் காரணம்.

இன்று அந்தக் கடலடியை அதிகம் சிதைப்பது இழுவைமடி. இறாலைத் தேடித் தரையோடு உரசிப் போகும் அந்த வலை, புல்லையும் சங்கையும் மீன்குஞ்சையும் சேர்த்தே வாரிக்கொண்டு வருகிறது. விற்க முடியாத கழிவு மீன் காய்ந்து கோழித் தீவனத்துக்குப் போகிறது. கரையிலிருந்து குறிப்பிட்ட தூரம் வரை விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்று 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் சொல்கிறது. ஆனாலும் இரவில் அவை எல்லைக்குள் வந்து தங்கள் வலைகளை அறுத்துவிட்டுப் போவதாக நாட்டுப்படகுக்காரர்கள் இன்றும் முறையிடுகிறார்கள்.

பாசி எடுக்கும் பெண்களோ விரல்களில் துணியைச் சுற்றி, கால்களில் தகடுகளைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி முங்குகிறார்கள். அடியோடு பிடுங்காமல் கையால் கிள்ளினால்தான் பாசி மறுபடி தழைக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். மீன்கள் இனம்பெருக்கும் காலத்தில் தாங்களும் பாசிக்குப் போவதில்லை என்று அவர்களே கட்டுப்பாடு வகுத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் ஊரைச் சேர்ந்த லட்சுமிக்கு 2015-இல் சீகாலஜி என்ற அமைப்பின் பன்னாட்டு விருது கிடைத்தது. கடலைக் காக்கும் வேலையில் இவர்களைக் கூட்டாளிகளாகச் சேர்க்காமல் குற்றவாளிகளாக நிறுத்துவது எனக்கு வேதனையாக இருக்கிறது.

நம் பக்கம் செய்ய வேண்டியதும் உண்டு. மாட்டுத்தாவணிச் சந்தையில் சற்று நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியும்: தூண்டிலில் வந்த மீனின் வாயோரத்தில் முள் கிழித்த தடம் இருக்கும், செதில் கலைந்திருக்காது. இழுவைமடியில் நசுங்கி வந்த மீன் செதில் உதிர்ந்து, வயிறு பிதுங்கிக் கிடக்கும். பக்கத்திலேயே விரல் நீளம்கூட இல்லாத சங்கராக் குஞ்சுகளைக் கூறு போட்டு வைத்திருப்பார்கள். விலை மலிவு என்று நாம் அதை வாங்கும்வரை அது வந்துகொண்டேதான் இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போதும் நமக்கு வஞ்சிரம் வேண்டும் என்று அடம்பிடிக்காமல், அந்தக் காலத்தில் நாட்டுப்படகில் கிடைக்கும் மீனுக்கு உரிய விலை கொடுக்கலாம்.

சந்தையில் தராசுக்கு முத்திரை கட்டாயம். அதுபோல மீன் எந்தக் கரையில் இறங்கியது, தூண்டிலா, செவுள் வலையா, இழுவைமடியா என்பதையும் ஒவ்வொரு கடையிலும் பலகையில் எழுதி வைக்க மீன்வளத்துறையும் மாநகராட்சியும் உத்தரவிட வேண்டும்.