பசியை அடக்கி, கோபத்தை அவிழ்த்துவிட்டவன்

போன வைகாசியில் என் அச்சகத்தில் வேலை பார்க்கும் பையன் மேல் புரூஃப் கட்டைத் தூக்கி எறிந்தேன். கல்யாண அழைப்பிதழ். மாப்பிள்ளையின் தாத்தா பெயரில் ஒரு துணைக்கால் விட்டுப்போயிருந்தது. தப்பு அவனுடையதுகூட இல்லை, டைப் அடித்தது நான். மணி மூன்றேகால். காலையில் தின்ற நாலு இட்லிக்குப் பிறகு வயிற்றுக்குள் போயிருந்தது மூன்று டீ மட்டும்.

பையன் வாயே திறக்கவில்லை. தாள்களைப் பொறுக்கி அடுக்கிவைத்தான். ராத்திரி வாய்ப்புண்ணும் கண்ணெரிச்சலுமாக வீட்டில் உட்கார்ந்திருந்தேன். நடந்ததைக் கேட்ட அம்மா சட்டென்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: "ஒனக்கு ஒடம்பு சூடுடா. ஒங்கப்பாவுக்கும் இப்படித்தான். பித்த ஒடம்பு."

எவ்வளவு வசதியான தீர்ப்பு! எறிந்தது நானில்லை, பித்தம்.

திருநெல்வேலிப் பக்கம் 'சூடு' என்கிற ஒரு சொல்லுக்குள் ஒரு ஆஸ்பத்திரியே இருக்கிறது. வாய்ப்புண் வந்தால் சூடு. கண்ணிமையில் கட்டி வந்தால் சூட்டுக்கட்டி. சென்னையிலிருந்து பஸ்ஸில் உட்கார்ந்தே வந்து நீர் கடுத்தால் 'சூடு பிடிச்சிருச்சு', தொப்புளில் விளக்கெண்ணெய். முடி கொட்டினால், வெள்ளைப்பட்டால், முகத்தில் பரு வந்தால், புருஷன் வள்ளென்று விழுந்தால், எல்லாம் அதே கணக்கில்தான். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் அது பாட்டுக்கு 98.4 காட்டும்.

இதைச் சொல்லிக் கேலி செய்கிறவர்கள் கட்சியில் நான் இல்லை. தண்ணீர் குடிக்காமல் மூத்திரத்தை அடக்கிக்கொண்டு வந்தவனுக்கு எரியத்தான் செய்யும். நேரம் தவறித் தின்றால் புளிச்ச ஏப்பத்தோடு நெஞ்சு காந்தத்தான் செய்யும். மிளகாயைக் கடித்தால் எரிவதும் பொய்யில்லை. கொதிக்கிற சூட்டைத் தொட்டால் நரம்பில் எந்த வாங்கி (ரிசெப்டர்) விழித்துக்கொள்கிறதோ, மிளகாயின் காரம் தட்டியெழுப்புவதும் அதையேதான். அதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். 'மிளகா சூடு' என்று சொன்ன நம்ம ஆச்சிகளுக்கு யாரும் கொடுக்கவில்லை.

ஆனால் ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அள்ளிப்போடுவதில் ஆபத்து உண்டு. என் சித்தி ஒருத்தி இரண்டு வருஷம் "ஒடம்பெல்லாம் கொதிக்கி, படபடன்னு வருது, யாரைப் பாத்தாலும் எரிச்சலா வருது" என்று இளநீரும் ஊறவைத்த வெந்தயமுமாகக் குடித்துத் தீர்த்தாள். எடை குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் தைராய்டு அதிகம். திரும்பத் திரும்பக் கட்டி வருகிறவர் முதலில் சர்க்கரையைப் பார்க்கட்டும். மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண்ணை டாக்டரிடம் காட்டட்டும். சப்ஜா விதை எங்கும் ஓடிப்போகாது.

நான் டாக்டரைப் பார்த்தேன், பெரிதாக ஒன்றுமில்லை என்றார். பிறகுதான் நாகர்கோவில் அத்தை அவளுக்குத் தெரிந்த ஆயுர்வேத வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனாள். குமரி மாவட்டம் பழைய திருவிதாங்கூர் ஆச்சே, அங்கே காய்ச்சலுக்கே கஷாயம்தான் முதலில். பெரியவர் நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார். ஒரு லேகியமும் பத்தியப் பட்டியலும் தருவார் என்று காத்திருந்தேன்.

"மத்தியானச் சாப்பாடு எத்தன மணிக்கு?"

"மூணு, மூணரை ஆயிரும்."

"ராத்திரி?"

"கடை அடைச்சுட்டு வந்து பதினொண்ணு."

"தூக்கம்?"

"ஒரு மணி."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அடுப்பு எரிஞ்சிட்டிருக்கு, மேல வெறும் சட்டி. கருகாம என்ன செய்யும் தம்பி?"

வாதம், பித்தம், கபம் என்று ஆயுர்வேதம் சொல்லும் மூன்றில் பித்தம்தான் சூட்டுக்காரன். அதற்கு ஒரு கடிகாரம் இருக்கிறது. பகலில் நடுப்பொழுது, இரவில் நடுச்சாமம், சாப்பாடு செரிக்கும்போது நடுக்கட்டம், வயசில் நடுவயசு, இவை நான்கும் பித்தத்தின் ஆட்சி என்கிறது வாக்படர் எழுதிய பழைய ஆயுர்வேத நூலான அஷ்டாங்க ஹிருதயம். நம்ம சித்த மருத்துவம் வயசுக் கணக்கைத் தலைகீழாகப் போடும்: அங்கே முதல் பாகம் வாதம், கடைசி பாகம் கபம், ஆயுர்வேதத்தில் குழந்தைக்குக் கபம், கிழவருக்கு வாதம். ஆனால் நடுப்பாகம் பித்தம் என்பதில் மட்டும் இரண்டுக்கும் தகராறு இல்லை. எனக்கு 44. எந்தக் கட்சியில் சேர்ந்தாலும் மாட்டிக்கொண்டேன்.

உச்சிவேளையில் தீ மூண்டிருக்கும்போது சோறு போடாமல் டீயை ஊற்றுகிறேன். தீ தணிந்த ராத்திரியில் பரோட்டாவும் சால்னாவும். நடுச்சாமத்தில் தூங்காமல் போனை நோண்டிக்கொண்டு மறுபடி அதைக் கிளறுகிறேன். வைத்தியர் சொன்னது மூன்றே விஷயம்: பன்னிரண்டரைக்குச் சோறு, எட்டு மணிக்குள் ராத்திரிச் சாப்பாடு, பத்தரைக்குப் படுக்கை. லேகியம் கேட்டேன். சிரித்துவிட்டு, முதலில் இதை ஒரு மண்டலம் செய்துவிட்டு வரச் சொன்னார்.

இங்கேதான் எனக்கு ஒரு ஆதங்கம். உடம்புச் சூடு என்றதும் நாம் கடைக்கு ஓடுகிறோம். பாதாம் பிசின், நன்னாரி சர்பத், சப்ஜா, குளிர்ச்சித் தைலம். வாட்ஸப்பில் வரும் பட்டியலில் எதைத் தின்பது என்றுதான் இருக்கும். எப்போது தின்பது, எப்போது தூங்குவது என்று ஒரு வரி இருக்காது. நேரத்தை விற்க முடியாது, பிசினை விற்கலாம்.

அந்தப் பட்டியல்களும் நூலோடு ஒத்துப்போவதில்லை. தயிரையே எடுத்துக்கொள்ளுங்கள். நமக்குத் தயிர் என்றால் குளிர்ச்சி. அஷ்டாங்க ஹிருதயமோ தயிரைச் சூடு என்கிறது, ராத்திரி தொடாதே என்கிறது, கோடையிலும் கூடாதாம். 'தயிர் சூடு, மோர்தான் குளிர்ச்சி' என்று எங்கள் ஆச்சி சொன்னபோது உளறுகிறாள் என்று நினைத்திருக்கிறேன். (ஆனாலும் கத்திரி வெயிலில் தயிர்சாதமும் மாவடுவும் இல்லாமல் வாழ வாக்படரே வந்து சொன்னாலும் என்னால் ஆகாது.) நல்லெண்ணெயும் அங்கே சூட்டு வீரியம்தான். நாமோ சூட்டைத் தணிக்கவென்றே சனிக்கிழமை அதைத் தேய்த்துக் குளிக்கிறோம். எண்ணெய் தேய்த்தால் களைப்பு தீரும், கண் தெளியும், தூக்கம் வரும் என்று அதே நூல் சொல்கிறது. என் அனுபவத்தில் அந்தத் தூக்கம்தான் பாதி வைத்தியம்.

பருவக் கணக்கிலும் இப்படி ஒரு முரண். பித்தம் மழைக்காலத்தில் சேர்ந்து, மழைவிட்டு வெயில் அடிக்கும் சரத் காலத்தில் சீறும் என்பது நூல். அது வடக்கே சரி. அந்த ஐப்பசி கார்த்திகையில் நமக்கு வடகிழக்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருக்கும். நூலை அப்படியே கொண்டுவந்து தாமிரபரணிக் கரையில் நட முடியாது. மிளகாயும் அப்படித்தான், போர்ச்சுகீசியர் கப்பலேறி வந்த சரக்கு. வாக்படருக்குத் தெரிந்த காரம் மிளகும் திப்பிலியும் சுக்கும். இதையெல்லாம் அத்தையின் வைத்தியர் மறைக்கவில்லை. "ஊரும் ஆளும் பாத்துதான் தம்பி சொல்ல முடியும்" என்றார்.

அந்த நூலில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. பித்தம் மிஞ்சினவனுக்குச் சிகிச்சை சொல்லும் இடத்தில் நெய், பால், பேதிக்குக் கொடுப்பது, இனிப்பும் கசப்பும் துவர்ப்புமான உணவு, இதெல்லாம் வருகிறது. கூடவே ஒரு நீண்ட பட்டியல்: சந்தனப் பூச்சு, நிலவு காயும் மாலை, மாடி, காதுக்கினிய பாட்டு, குளிர்காற்று, பக்கத்தில் வைத்துக்கொண்டு நாம் நடிக்கத் தேவையில்லாத நண்பன், மழலை பேசும் பிள்ளை. மருந்துப் பட்டியலில் நண்பனையும் மழலையையும் எழுதிவைத்தவனைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. அடக்கமான மனைவியையும் அதே பட்டியலில் சேர்த்திருப்பதைப் படித்ததும் கும்பிட்ட கை கீழே இறங்கிவிட்டது. மாளிகையில் இருக்கும் ஆம்பளைக்கு எழுதிய மருந்துச்சீட்டு அது. மனைவிக்குப் பித்தம் ஏறினால் யார் அடக்கமாக இருப்பார்கள் என்று நூலில் இல்லை.

வீட்டிலும் அதே கதைதான். ராத்திரி வெந்தயம் ஊறப்போடுவது என் மனைவி. சுரைக்காய்க் கூட்டும் தனியாகக் காரம் குறைத்த குழம்பும் வைப்பது அவள். அவளுக்கு வாய்ப்புண் வந்த அன்றைக்கும் சமையல் அவள்தான். நான் ஒருநாள், "எனக்குப் பித்த ஒடம்புன்னு வைத்தியரே சொல்லிட்டாரு, கொஞ்சம் பாத்துப் பேசு" என்று ஏதோ ஒரு சண்டையில் சொல்லிவிட்டேன். அவள் சத்தமே போடாமல் கேட்டாள்: "ஆயிரம் பத்திரிகை ஆர்டர் குடுக்கிற பார்ட்டி வந்து நிக்கும்போது மட்டும் அந்தப் பித்தம் எப்படிங்க அடங்குது?"

பதில் இல்லை. அந்த வைகாசியில் புரூஃப் கட்டு பறந்தது பையன் பக்கம். அரை மணி நேரம் முன்னால் விலையில் அடாவடி செய்துவிட்டுப் போன பார்ட்டி பக்கம் பறக்கவில்லை. அவரிடம் பல்லைக் காட்டிக்கொண்டுதான் நின்றேன். பித்தத்துக்குக் கண் இருக்கிறது, எதிரே நிற்பவன் சம்பளம் வாங்குகிறவனா கொடுக்கிறவனா என்று அதற்குத் தெரியும்.

சரக சம்ஹிதை என்கிற இன்னொரு பழைய ஆயுர்வேத நூல் இதைப் பதம் பிரித்து வைத்திருக்கிறது. அடக்கக்கூடாத வேகங்கள், அதாவது உள்ளிருந்து முட்டிக்கொண்டு வரும் உந்துதல்கள், 13 என்று அதில் ஒரு கணக்கு: மலம், மூத்திரம், தும்மல், கொட்டாவி, கண்ணீர் என்று போகும், பசி, தாகம், தூக்கம் மூன்றும் அதில் உண்டு. அடக்கியே ஆகவேண்டிய வேகங்கள் என்று இன்னொரு கணக்கு: பேராசை, பயம், செருக்கு இவற்றோடு கோபமும் உண்டு. இரண்டாவது பட்டியலைப் படித்த அன்று எனக்கு வெட்கமாகிவிட்டது. இருபது வருஷமாக நான் செய்துவந்தது அப்படியே மாற்றி. பசியை அடக்கினேன், தூக்கத்தை அடக்கினேன், கடையில் ஆள் இருந்தால் மூத்திரத்தைக்கூட அடக்கினேன். கோபத்தை மட்டும் அவிழ்த்துவிட்டேன். போதாததற்குக் கோபத்தாலேயே பித்தம் கூடும் என்றும் அங்கே இருக்கிறது. அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் சொல்லிவந்த வாக்கியத்தில் பாதியைத்தான் சொல்லியிருக்கிறோம்.

அப்பாவை இப்போது நினைத்தால் பாவமாகவும் இருக்கிறது. அவரும் லெட்டர்பிரஸ் காலத்தில் ஈய எழுத்துக் கோத்துக்கொண்டு மூன்று மணிக்குத்தான் சாப்பிட வருவார். நாங்கள் பிள்ளைகள் அந்த நேரத்தில் மாடிக்கு ஓடிவிடுவோம். சாப்பிட்டுக் கை கழுவின பிறகு அவர் வேறு மனுஷன், கூப்பிட்டுக் கடலைமிட்டாய் கொடுப்பார். யாரும் இரண்டையும் முடிச்சுப்போட்டுப் பார்க்கவில்லை. பித்த உடம்பு என்றாகிவிட்டது, அப்புறம் என்ன யோசனை?

நான் இப்போது பன்னிரண்டே முக்காலுக்குக் கடையிலேயே டிபன் பாக்ஸைத் திறக்கிறேன். பார்ட்டி நின்றாலும் நிற்கட்டும். பெரும்பாலும் சோறு, பாசிப்பருப்பு, ஏதாவது நீர்க்காய், ஒரு ஸ்பூன் நெய். கருவாடு தினம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை மட்டும். பதினொரு மணி டீயை விடமுடியவில்லை. பத்தரைத் தூக்கம் வாரத்தில் நாலு நாள் நடக்கிறது. முகூர்த்த மாசத்தில் அதுவும் இல்லை. வாய்ப்புண் வருவது குறைந்திருக்கிறது. நேரச் சோறாலா, ராத்திரிப் பரோட்டா நின்றதாலா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

கோபம் போய்விட்டது என்று சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள். போன மாசம் ஒருநாள் குரல் உயர்ந்தது, பாதியில் எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விட்டேன். மழலைப் பிள்ளை கிடைக்கவில்லை, காற்று இருந்தது.

பையனிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. அவன் ஒன்றும் சொல்லாமல் தலையாட்டினான். ஆனால் கவனித்துக்கொண்டு வருகிறேன், காலையிலேயே அடித்து முடித்த புரூஃபைக்கூட அவன் ஒரு மணிக்கு மேல்தான் என் மேஜைக்குக் கொண்டுவருகிறான்.