ஹாலில் கேமரா எதற்கு?
தனியாக இருக்கும் வயதான பெற்றோர் வீட்டு ஹாலில் ஒரு கேமரா மாட்டிவிட்டால் பிள்ளைகளுக்குக் கவலை தீர்ந்தது என்று ஒரு கட்டுரையில் படித்தேன். என் அம்மாவாக இருந்தால் மறுநாளே துண்டைப் போட்டு மூடிவிடுவார்.

ஜப்பானில் ஜோஜிருஷி நிறுவனம் 2001-லேயே ஒரு மின்சார வெந்நீர்க் குடுவையைக் கொண்டுவந்தது. பெரியவர் டீக்கு வெந்நீர் பிடித்தாரா என்ற தகவல் மட்டும் பிள்ளைகளுக்கு மின்னஞ்சலில் போகும். படம் கிடையாது, பேச்சு கிடையாது.

நம் ஊரில் கிடைக்கும் அசைவு சென்சாரும் படம் எடுக்காது. உடம்புச் சூட்டை வைத்துத்தான் நடமாட்டத்தைக் கண்டுபிடிக்கிறது. ஆனால் மே மாதச் சென்னையில் அறையே உடம்பு அளவுக்குக் கொதித்தால், அதற்கு ஆளும் சுவரும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் பாத்ரூம், ஃப்ரிட்ஜ் கதவுகளில், கதவு திறப்பதைச் சொல்லும் காந்த சென்சாரும் ஒட்டிவிடுவது நல்லது. கரண்ட் போனால் வைஃபை ரவுட்டரும் படுத்துவிடும், அதற்கு ஒரு சின்ன யுபிஎஸ்.

சரி, எல்லாம் செய்தாயிற்று. வீட்டில் நடமாட்டமே இல்லை என்ற எச்சரிக்கை அமெரிக்காவில் டல்லாஸில் இருக்கும் மகன் போனுக்கு மட்டும் போனால்? இங்கே காலை பதினொன்று, அங்கே நடுராத்திரி. மாற்றுச் சாவி வைத்திருக்கும் எதிர்வீட்டுக்காரர் நம்பரை முதலில் சேருங்கள்.