கண்டிப்பு வேறு, கொடுமை வேறு

படைப் பயிற்சியில் கண்டிப்பு குறைந்துவிட்டது, பழையபடி அடித்துத் திருத்தினால்தான் சிப்பாய் உருவாவான் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. என்னால் ஏற்க முடியவில்லை. 1956 ஏப்ரலில், அமெரிக்க மரைன் படையின் பாரிஸ் ஐலண்ட் முகாமில், ஒழுக்கம் கற்பிக்கிறேன் என்று ஒரு பயிற்றுநர் தன்னிடம் பயின்ற பிளட்டூனை, அதாவது சிறு படைப்பிரிவை, இரவில் ரிப்பன் கிரீக் ஓடைக்குள் இறக்கினார். ஆறு பேர் மூழ்கி இறந்தார்கள். அதற்குப் பிறகு பயிற்றுநர்கள் மீதான மேற்பார்வை இறுகியது. பயிற்சி ஒன்றும் லேசாகிவிடவில்லை. இன்றைக்கும் சுடுதலிலும் நீச்சலிலும் தேறியாக வேண்டும்.

தரத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. ஓட்ட நேரத்தில் ஒரு நொடிகூட விட்டுக்கொடுக்க வேண்டாம். துப்பாக்கிக்குள் குண்டு இருக்கிறதா என்று பார்க்காமல் கீழே வைத்தால், அங்கேயே நிறுத்திக் கேட்கட்டும், சரி. ஆனால் வெயிலில் ஓடுகிறவன் தள்ளாடி, பேச்சு குழறும்போது நடிக்கிறான் என்று திட்டுவது கண்டிப்பா? அது வெப்பத்தாக்கு. உடனே குளிர்ந்த நீரில் உடம்பை ஆற்றாவிட்டால் உயிரே போகலாம். பயந்துபோன பையன் வலியை மறைப்பான், கால் எலும்பில் கீறல் விழுந்த பிறகும் ஓடுவான். அப்புறம் அவனை வைத்து எந்தத் தரத்தைக் காப்பாற்றுவது?

பயிற்றுநர்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.