குதிகால்

நேற்று மத்தியானம் கடையில் 5 எச்.பி. மோட்டார் ஒன்றைப் பிரித்துப் போட்டு காயில் கட்டிக்கொண்டிருந்தேன். பையனைச் சிலம்பத்தில் சேர்க்க வந்த ஒருவர் கேட்டார்: "இது கத்துக்கிட்டா கோவம் கொறையும்ங்கறாங்களே, எத்தினி மாசத்துல கொறையும்?"

சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. மனுஷருக்கு முகம் சுண்டிவிட்டது. "தெரிஞ்சா சொல்லுங்க, இல்லன்னா வுடுங்க" என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அவருக்குச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும். அவசரக்காரர்கள் லைக் மட்டும் போட்டுவிட்டு நகரலாம், தப்பாக நினைக்க மாட்டேன்.

எனக்கு ஊர் நீடாமங்கலத்துக்குப் பக்கம். வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்பு சைக்கிளில் போகிற தூரம். பகலில் பம்புசெட் மோட்டார், சாயங்காலம் பிள்ளைகளுக்குக் கம்பு. சும்மா சொல்லிக்கொடுக்கிறேன் என்று பெருமை பேச மாட்டேன், மாதம் 200 ரூபாய் வாங்குகிறேன். கொடுக்க முடியாத வீட்டில் கேட்பதில்லை. நான் களத்தில் இறங்கியது 1998 தை அறுப்பு முடிந்ததும். அப்போது வயது 17.

எங்கள் வாத்தியார் கீழத்தெரு. நான் மேலத்தெரு. டெல்டாக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. எங்கள் வயலுக்கே அவர் அறுப்புக்கு வருவார். வந்தால் டீ கொடுக்க ஒரு எவர்சில்வர் தம்ளர் தனியாக இருந்தது. கொல்லைப்புறம் எரவாணத்தில், கூரை இறங்குகிற ஓரத்தில், சொருகியிருக்கும். அவரே எடுத்து, குடித்து, கழுவி, திரும்ப அங்கேயே சொருகிவிட்டுப் போவார். சின்ன வயதிலிருந்து பார்த்த காட்சி. அதில் கேட்பதற்கு ஏதாவது இருக்கிறது என்றே எனக்குத் தோன்றியதில்லை.

கம்பு கற்கச் சேருகிற நாளில் வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம், ஐந்தேகால் ரூபாய் தட்சணை. களத்து மண்ணைத் தொட்டுக் கும்பிட வேண்டும், பிறகு வாத்தியார் காலில் விழ வேண்டும். எனக்கு முன்னால் ஐந்து பேர் விழுந்து எழுந்துவிட்டார்கள். என் முறை வந்தது. முட்டி மடங்கவில்லை. வலியெல்லாம் ஒன்றுமில்லை, மடங்கவில்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு மரம் மாதிரி நிற்கிறேன். அவர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "மண்ணைக் கும்புட்டுக்க தம்பி, போதும். நம்ம காலு எங்க ஓடிப்போவுது" என்றார்.

அந்தக் காலில் விழ எனக்குப் பத்து மாதம் ஆனது. ஒரு கார்த்திகை மாத இரவு, பயிற்சி முடிந்து எல்லோரும் போனபிறகு விழுந்தேன். யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துத்தான் விழுந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எப்படியோ வீட்டுக்குத் தெரிந்துபோய், அப்பாயி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எரவாணத் தம்ளரை எடுத்துக் கடாசுகிற தைரியமும் எனக்கு வரவில்லை. அப்பாயி 2004-ல் போன பிறகுதான் அது இறங்கியது. இறக்கியது நான் இல்லை, அம்மா.

தற்காப்புக்கலை அகந்தையை அழிக்கும் என்று அழகழகாகப் போஸ்டர் போடுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த முட்டிதான் ஞாபகம் வரும். அது மடங்கியதுதான் நான் கற்ற முதல் வரிசை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

திருவாவடுதுறை நம்ம பக்கம்தான். சாத்தனூரில் செத்துக்கிடந்த மூலன் என்கிற மாட்டுக்காரன் உடம்புக்குள் யோகி ஒருவர் புகுந்தார், திரும்பி வந்து பார்த்தால் தன் உடம்பைக் காணவில்லை, மாட்டுக்காரன் உடம்போடேயே தங்கித் திருமூலர் ஆனார் என்று கதை சொல்வார்கள். வாத்தியாரோடு பழகிய பிறகு அந்தக் கதையை நான் கேட்கிற விதமே மாறிவிட்டது. அறுப்பறுத்துக் காய்த்துப்போன உடம்புக்குள் என்ன இருக்கிறது என்று எரவாணத்துக்கு எப்படித் தெரியும்?

பாடத்துக்கு வருகிறேன். முதல் ஆறு மாதம் கம்பு கிடையாது, காலடிதான். முன்காலடி, பின்காலடி, நாலு மூலைக்கும் திரும்புவது. வீடு கட்டி அடிக்கிறது என்று சினிமாவில் பேசுகிறார்களே, அந்த வீட்டுக்கு இதுதான் அஸ்திவாரம். அப்புறம் சலாம் வரிசை, வணக்கம் வைக்கிற அசைவுகள். அதற்கப்புறம் கம்பு, அதையும் நாமே தயார் செய்துகொள்ள வேண்டும். ஆற்றங்கரைக் கொத்தில் கணு நெருக்கமான முற்றல் மூங்கிலாகப் பார்த்து தேய்பிறையில் வெட்டச் சொல்வார். நெற்றி உயரத்துக்கு நறுக்கி, தண்ணீரில் ஊறப்போட்டு, வைக்கோல் தீயில் வாட்டிக் கோணலை நிமிர்த்தி, எண்ணெய் பூசி நிழலில் காயவைக்க வேண்டும். கடைசியாக ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, தண்ணீர் மேலேயே கம்பால் படார் படாரென்று அடிக்க வேண்டும். விரிசல் விடுகிற கம்பு அங்கேயே விட்டுவிடும், நாளைக்கு எவன் மண்டையிலும் உடையாது. நான் உடைத்த கம்பு மூன்று. நாலாவதுதான் நின்றது. அது இன்றைக்கும் கடைச் சுவரில் இருக்கிறது, கைப்பிடி இடம் மட்டும் கறுத்துப்போய்.

சிலம்புதல் என்றால் ஒலித்தல். கம்பு சரியான வேகத்தில் சுற்றும்போது காற்றில் ஒரு ரீங்காரம் வரும், அதைக் காதால் கேட்டே கை சரியா தப்பா என்று வாத்தியார் சொல்லிவிடுவார். நாலாவது வருடமோ என்னவோ, ஒரு இரவு பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் சுற்றிக்கொண்டிருந்தேன். திடீரென்று அந்தச் சத்தம் மட்டும் இருந்தது. கை வலிக்கவில்லை. கம்பு இருந்தது, சுற்றுகிற ஆள் இல்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. நின்றபோது கண்ணில் தண்ணீர்.

ஓடிப்போய் வாத்தியாரிடம் சொன்னேன். எனக்கு என்னவோ கிடைத்துவிட்டது என்று நினைப்பு. அவர் கேட்டுவிட்டு, "ராத்திரி சாப்ட்டியா?" என்றார். இல்லை என்றேன். "பசி மயக்கமாருக்கும். போயி பழையதைக் கரைச்சுக் குடி" என்றார்.

அன்றைக்கு எனக்கு அவ்வளவு ஆத்திரம். இப்போது நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. அவர் மட்டும் அதற்கு ஒரு பெரிய பேர் வைத்திருந்தால், மிச்ச வாழ்க்கையை அந்தப் பேருக்குப் பின்னாலேயே ஓடித் தொலைத்திருப்பேன். அது அப்புறம் நாலைந்து தடவை வந்திருக்கிறது. வரட்டும் என்று காத்திருந்த ஒரு நாளும் வரவில்லை.

இனி, நான் சொல்ல வெட்கப்படுகிற விஷயம். 2003. மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறக்கவில்லை, குறுவை போய்விட்டது. தாமதமாகத் தண்ணீர் வந்ததும் சம்பாவுக்கு முறை வைத்துப் பாய்ச்சினோம். ராத்திரி இரண்டு மணி எங்கள் முறை. மண்வெட்டியோடு போய்ப் பார்த்தால் எங்கள் மடை அடைத்திருக்கிறது, தண்ணீர் பக்கத்து வயலுக்கு ஓடுகிறது. வயல்காரர் எனக்கு மாமா முறை. வரப்பில் நிற்கிறார். வார்த்தை தடித்தது. அவர் என்னைத் தள்ளக் கையை நீட்டினார். அதற்கப்புறம் யோசனையே இல்லை. மண்வெட்டிக் காம்பு எப்படித் திரும்பியது என்று தெரியாது, அவர் மணிக்கட்டில் இறங்கியது. காய்ந்த முருங்கைக் கிளை ஒடிகிற சத்தம்.

ஐந்து வருடப் பயிற்சி, ஒரு மடைக்காக. அதுவும் அடி சுத்தமான அடி. அந்த இருட்டில் அதைப் பார்த்து ஒரு நொடி எனக்குள் ஒருவன் சந்தோஷப்பட்டான், அதையும் மறைக்கப்போவதில்லை.

மாவுக்கட்டு, பஞ்சாயத்து, 3,000 ரூபாய் எல்லாம் முடிந்து வாத்தியார் முன்னால் போய் நின்றேன். திட்டுவார், அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். "காலு எப்புடி வச்ச? செஞ்சு காட்டு" என்றார். களத்தில் நின்று செய்து காட்டினேன். மறுபடி என்றார். மூன்றாவது தடவை "நிறுத்து" என்று குனிந்து என் வலது குதிகாலைக் கையால் தொட்டார். தரையிலிருந்து ஓர் அங்குலம் எழும்பி நின்றது.

"இது எப்பத் தூக்குச்சு? அவரு கை வர்றதுக்கு முந்தியா, வந்த பொறவா?"

யோசித்தேன். முந்தித்தான். வரப்பில் ஏறும்போதே தூக்கிவிட்டது.

"அப்ப அவரு ஒன்ன அடிக்க வரல. நீதான் போயிருக்க. கம்பைக் குடுத்துட்டுப் போ."

ஒரு வருடம் கம்பு கிடையாது. காலடி மட்டும். பத்து வயசுப் பொடியன்கள் எல்லாம் நடுவில் இரட்டைக்கை வீச்சு சுற்ற, நான் ஓரத்தில் மேய்கிற கோழி மாதிரி நடந்துகொண்டிருப்பேன். முதல் மூன்று மாதம் அவமானம். அப்புறம் சலிப்பு. சலிப்புதான் பெரிது, அவமானத்தைக்கூடத் தாங்கிவிடலாம். ஒன்றுமே முன்னேறாத நாட்கள், அதே நாலு மூலை, அதே புழுதி. ஆறேழு மாதத்துக்கு மேல், பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லாததால், பாதத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். பாரம் எங்கே இருக்கிறது, எப்போது மாறுகிறது. பொடியன் ஒருவன் என்னைப் பார்த்துச் சிரித்தால் என் குதிகாலில் ஒரு சின்னத் துடிப்பு. நெஞ்சு படபடப்பதற்கு முன்னால், முகம் சிவப்பதற்கு முன்னால், அது அங்கே வந்து நிற்கிறது.

கோபம் குறைந்ததா என்றால், இல்லை. என் மனைவியைக் கேட்டுப் பாருங்கள். ஆனால் வருவது தெரிகிறது. போன மாதம் ஒருவர் மூன்று நாளில் மோட்டார் திரும்பப் புகைந்துவிட்டது என்று கடை வாசலில் நின்று கத்தினார். வோல்டேஜ் குறைவில் ஓட்டிப் புகையவிட்டது அவர். மேஜைக்கு அடியில் என் குதிகால் செருப்பைவிட்டு எழும்பியது தெரிந்தது. கீழே வைத்தேன். "வைங்கண்ணே, பாக்குறேன்" என்றேன். இதற்கு இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. எல்லா நேரமும் பலிப்பதில்லை. போன வருடம் மகளிடம் கத்தி முடித்த பிறகுதான் கால் ஞாபகம் வந்தது.

அந்த மகள் டவுனில் கராத்தே படிக்கிறாள். கறுப்பு பெல்ட் வாங்கியதும் தெருவில் ஃபிளக்ஸ் வைக்கலாமா என்று என் தம்பி கேட்டான். ஜூடோவுக்கு டான் என்கிற இந்தக் கறுப்பு பெல்ட் படிநிலைகளைக் கொண்டுவந்தவர் கானோ ஜிகோரோ, 1882-ல் தன் பள்ளியைத் தொடங்கியவர். பிற்பாடு கராத்தேயும் அதை எடுத்துக்கொண்டது. முதல் கறுப்பு பெல்ட்டுக்கு ஜப்பானியர்கள் வைத்திருக்கிற பேர் ஷோடான். ஆரம்பப் படி என்று அர்த்தம். எல்.கே.ஜி. சேர்ந்ததற்கு எவனாவது ஃபிளக்ஸ் வைப்பானா? (வைக்கிறார்கள், தெரியும்.)

சிலம்பத்துக்கும் நல்ல காலம் வந்திருக்கிறது. 2024 ஜனவரியில் நம் மாநிலத்தில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் காட்சி விளையாட்டாக வைத்தார்கள். அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டிலும் சேர்ந்தாகிவிட்டது. சர்ட்டிபிகேட் எப்போது வரும் என்று கேட்கிற பெற்றோர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நாள் கூலிக்குப் போகிற வீட்டில் ஒரு அரசு வேலை என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். எனக்கு ஆகாதது உலக சாதனைக் கூத்து. இரண்டு மணி நேரம் நின்ற இடத்தில் கம்பு சுற்று, ஆளுக்கு 500 ரூபாய் கட்டு, மெடல் வாங்கிக்கொள். ஒரு தடவை நானும் பதினான்கு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன், பேப்பரில் படம் வரும் என்கிற ஆசையில். வைகாசி வெயில். எட்டு வயதுப் பெண்பிள்ளை ஒன்று மயங்கி விழுந்தது. மைக்கில் "நிறுத்தாதீங்க, நிறுத்தாதீங்க" என்று கத்திக்கொண்டிருந்தார்கள், மற்ற பிள்ளைகளும் அவளைச் சுற்றி நின்று கம்பை நிறுத்தாமல் சுற்றிக்கொண்டிருந்தார்கள். நடத்தியவர்கள் யாராக இருந்தால் என்ன, கூட்டிப்போனவன் நான். படம் வந்தது. வெட்டி வைத்துக்கொள்ளவில்லை.

அதனால் பையனைச் சேர்க்க வந்த அண்ணனுக்கு: எத்தனை மாதம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. திங்கள்கிழமை ஆறு மணிக்கு அனுப்புங்கள். கம்பு வாங்க வேண்டாம், செருப்பு இல்லாமல் வந்தால் போதும்.

வாத்தியார் 2017-ல் போய்ச் சேர்ந்தார். மணிக்கட்டு ஒடிந்த மாமா இருக்கிறார். கை லேசாகக் கோணியிருக்கும், டீ கிளாஸை இடது கையில்தான் பிடிப்பார். அவர் வயல் மோட்டாருக்கு இன்றுவரை நான்தான் காயில் கட்டுகிறேன், காசு வாங்கச் சொல்லிச் சண்டை போடுவார். இந்தச் சித்திரையில் பேரனைக் கொண்டுவந்து களத்தில் விட்டார். ரெண்டு மாதமாகப் பையன் காலடி போடுகிறான். தினமும் மாமாவும் வந்து வரப்பில் குந்திக்கொள்கிறார். நேற்றுச் சாயங்காலம் பொறுக்க முடியாமல், இடது கையில் டீயோடு அங்கிருந்தே ஒரு சத்தம் போட்டார்:

"ஏன்யா, எம்புட்டு நாளைக்குய்யா இப்புடியே நடக்க வுட்டுக்கிட்டு இருப்ப? கையில ஒரு குச்சியக் குடுத்துப் பாரேன்!"