சக்கைன்னா அவ்வளவு இளக்காரமா?

கரும்புச் சக்கையை எரித்துக் கரண்ட் எடுக்கிற மாடல் ஒன்றை என் மகள் போட்டிக்குச் செய்திருந்தாள், அதன் படத்தை முந்தாநாள் போட்டிருந்தேன். பால் டின் பாய்லர், சைக்கிள் டைனமோ, ஓரமாக ஒரு கட்டு கரும்புச் சக்கை. நடுவராக வந்தவர் என் மகளிடம் சொன்னது இது: "புகை வர்றதெல்லாம் பசுமை மின்சாரம் ஆகாதும்மா. கமுதியைப் பக்கத்துல வச்சுக்கிட்டு சோலார் பண்ணியிருக்கலாம்ல?" பரிசு சோலார் ஃபேனுக்குப் போய்விட்டது. போகட்டும். பரிசுக்காக இதை எழுதவில்லை. (சரி, கொஞ்சம் அதுக்காகவும்தான்.)

சர்க்கரை ஆலை பாய்லர் பக்கத்தில் ஆறு வருஷம் வெந்தவன் நான். ஒரு டன் கரும்பு அரைத்தால் ஏறக்குறைய 300 கிலோ சக்கை விழும், அதில் பாதி ஈரம். அப்படியே பாய்லருக்குப் போகும். நீராவி டர்பைனைச் சுற்றும், சுற்றிவிட்டு வெளியே வரும் ஆவியிலேயே சாறும் காயும். ஆலைக்குப் போக மிச்சக் கரண்ட் கிரிட்டுக்கு, அதாவது பொது மின்கம்பிக்கு. எரியும்போது கிளம்பும் கரியமில வாயு கரும்பு வளரும்போது காற்றிலிருந்து எடுத்ததுதான். அடுத்த பயிர் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். கோடிக்கணக்கான வருஷமாகப் புதைந்து கிடந்த நிலக்கரியைத் தோண்டி எரிப்பதும் இதுவும் ஒன்றா? மத்திய அரசே இதைப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் கணக்கில்தான் வைத்திருக்கிறது. நடுவர் கணக்கில்தான் இடமில்லை.

எங்க ராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதி சோலார் மின் நிலையத்தின் 648 மெகாவாட்டை நான் குறை சொல்லவில்லை. 2016ல் அது வந்தபோது நாலு பேரிடம் பீற்றிக்கொண்டவன்தான். ஆனால் அந்தி சாய்ந்தால் பேனலும் படுத்துவிடும். அரவை நடக்கிற மாசங்களில் சக்கை பாய்லர் ராத்திரி முழுக்க எரியும்.

"ராமநாதபுரத்துல கரும்பாலையே இல்லை, உனக்கு எதுக்கு இந்த வக்காலத்து?" என்று ஒருத்தர் வருவார், தெரியும். சாயல்குடிப் பக்கம் எங்க அத்தை கருப்பட்டி காய்ச்சுவாங்க. பதநீர் கொதிக்கிற அடுப்புக்குள்ள போனது எது? அதே பனையின் காய்ந்த மட்டை, ஓலை, பன்னாடை. மரம் தன் பாகைத் தானே காய்ச்சிக்கொண்டது. சிரட்டையில் ஊற்றிவிட்டு, கண்ணெல்லாம் சிவந்து உட்கார்ந்திருப்பாங்க. அந்த அடுப்பை யாரும் பசுமை என்று சொல்லவில்லை, "பனங்காட்டுப் புகை" என்று மூக்கைப் பொத்தினார்கள். இப்போது அதே கருப்பட்டிக்கு ஆர்கானிக் என்று லேபிள் ஒட்டி அவர்களே வாங்குகிறார்கள்.

சாம்பல் பறக்காதா? பறக்கும். பிடிக்கக் கருவி இருக்கிறது, ஒழுங்காக ஓட்டினால் பிடிக்கும். அரவை இல்லாத காலத்தில் சில ஆலைகள் நிலக்கரி போடுகின்றனவே? ஆமாம், அது தப்பு, அந்தக் கரண்டைப் பசுமை என்று நானும் சொல்ல மாட்டேன். கரும்பு தண்ணீர் குடிக்குமே? சர்க்கரைக்குத்தானே கரும்பு போடுகிறார்கள், சக்கைக்கா? அதை இன்னொரு நாள் பேசலாம்.

எனக்கு எரிச்சல் நடுவர் சொன்ன அந்த வார்த்தையில் இல்லை. பதினோரு வயசுப் பிள்ளை ஜூஸ் கடை அண்ணனிடம் கேட்டுக் கேட்டு மூணு நாள் சக்கை வாங்கி வந்தாள். மாடியில் காயப்போட்டு, எறும்பு மொய்த்ததைத் தட்டித் தட்டி எடுத்தாள். பல்பு ஒரு நிமிஷம்கூட எரியவில்லை, ஆனால் எரிந்தது. "இது எப்படிம்மா ஓடுது?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பேண்ட்டில் சாம்பல் பட்டுவிடும் என்று தள்ளி நின்றே பேசிவிட்டுப் போனார் அந்த மனுஷன்.

மாடியில் இன்னும் அரைச் சாக்கு கிடக்கிறது. எடுத்துப் போடவா என்று கேட்டேன். "வேணாம்ப்பா, அடுத்த வருஷத்துக்கு"ன்னுட்டா.