நாள் சம்பளம் எழுநூறு, சரி. மாதத்துக்கு எத்தனை நாள்?

எங்கள் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு போஸ்டர் சுற்றிக்கொண்டிருக்கிறது. "கல்குவாரி, கிரஷர் வேலைக்கு ஆட்கள் தேவை. முன் அனுபவம் தேவையில்லை. மாதம் 18,000 வரை. தங்குமிடம் உண்டு." கீழே ஒரு அண்ணன், "இன்ஜினியரிங் முடிச்சவனுக்கே பன்னிரண்டாயிரம்தான் தர்றாங்க, இதுக்கு என்ன குறைச்சல்?" என்று கேட்டிருக்கிறார். அதற்கு நாற்பது பேர் கைதட்டியிருக்கிறார்கள். அங்கே பதில் எழுதினால் சண்டையாகிவிடும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

18,000 எப்படி வருகிறது? நாளுக்கு 700, இருபத்தாறு நாள். கணக்கு சரிதான். ஆனால் அந்த இருபத்தாறு நாள் குவாரியில் புதிதாகச் சேரும் பையனுக்குக் கிடைக்காது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் கல் வெட்டும் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும். அதை இறைத்து முடிக்கும் வரை கம்ப்ரசர் ஓடாது. கம்ப்ரசர் ஓடாவிட்டால் பாறையில் வெடி வைக்கக் குழி போட முடியாது, குழி இல்லாமல் வெடி இல்லை, வெடி இல்லாமல், கல்லை உடைத்து ஜல்லியாக்கும் கிரஷருக்குக் கல் இல்லை. வெடிமருந்து வர ஒரு நாள் தாமதமானாலும், பொக்லைன் பழுதானாலும், கல் ஏற்றிப் போவதற்கான அனுமதிச் சீட்டு (நடைச்சீட்டு) கிடைக்காமல் டிப்பர் நின்றாலும் இதே கதைதான். அப்போது முதலில் "நாளைக்கு வர வேண்டாம்" என்று சொல்லப்படுகிறவன் கையாள், அதாவது கல் பொறுக்கிப் போடும் உதவியாள். குழி போடும் டிரில்லருக்கும் பொக்லைன் ஓட்டுநருக்கும் ஏதாவது ஒரு வேலை கொடுத்துப் பிடித்து வைத்துக்கொள்வார்கள், அவர்கள் போனால் திரும்பக் கிடைக்க மாட்டார்கள் என்ற பயம். கையாளுக்கு அந்த மரியாதை கிடையாது.

2025 ஏப்ரலில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். கனிம நிலங்களுக்குப் புது வரி வந்தது, குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் அறிவித்தார்கள், அரசோடு பேசினார்கள். அதன் பிறகு ஜல்லியும் எம்-சாண்டும் விலை ஏறியது. வீடு கட்டுகிறவர்கள் புலம்பினார்கள், நியாயம்தான். முதலாளிகள் வேலைநிறுத்தம் செய்த நாட்களில் தொழிலாளிக்குச் சம்பளம் யார் கொடுத்தது என்று எந்தத் தொலைக்காட்சி விவாதத்திலும் நான் கேட்கவில்லை.

என் சித்தப்பா மகன் ஒருவன் பன்னிரண்டாவது முடித்துவிட்டு ஒரு குவாரியில் கையாளாகச் சேர்ந்தான். எந்தக் குவாரி என்பது இங்கே தேவையில்லை. மாதத்துக்குப் பதினெட்டு நாள் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். 700 வீதம் 12,600. ஊரிலிருந்து போக வர ஐம்பது கிலோமீட்டர் பைக். லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிய பெட்ரோலில் மாதம் 1,800 அதற்கே போகிறது. காலை டீ, வடை, மதியச் சாப்பாடு என்று நாளுக்கு நூறு, அது ஒரு 1,800. மிச்சம் 9,000. அதை முப்பது நாளுக்கு வகுத்தால் 300. நூறு நாள் வேலைக்கு 2025-26-இல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலியே 336 ரூபாய். அது வேலை செய்த நாளுக்கு மட்டும்தான், இது மாதம் முழுவதற்கும், ஒப்பீடு முழுக்கச் சரியில்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் வயது இருபது, வெயிலில் பாறைக்கு நடுவே நிற்கிறான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இதில் பைக்குக்கு டியூ கட்டவில்லை, அட்வான்ஸ் கழிக்கவில்லை. கிழிந்த ஷூவுக்குப் பதில் புது ஷூவும் வாங்கவில்லை. கையுறையும் ஷூவும் நிர்வாகம் தர வேண்டியவை. பல இடங்களில் பையன் தன் காசில்தான் வாங்கிக்கொள்கிறான், அல்லது செருப்போடு போகிறான்.

அப்புறம் செய்முறை, அதாவது விசேஷ வீடுகளுக்கு எழுதும் மொய். வாழ்க்கைச் செலவு என்று பேசுகிற யாரும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. நம் பக்கம் ஒரு கல்யாணம், காதுகுத்து, புதுமனைப் புகுவிழா என்றால் மொய் எழுதாமல் வர முடியுமா? புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரமங்கலம், வடகாடு பக்கமெல்லாம் மொய் வாங்குவதற்கென்றே ஆடியில் மொய் விருந்து தனியாக நடக்கும். அப்பா வாங்கிய மொய்யை மகன் திருப்பிச் செய்ய வேண்டும், மொய் நோட்டு அவ்வளவு துல்லியமாகப் பேசும். ஆவணியில் முகூர்த்தம் அடுத்தடுத்து வந்தால் ஒன்பதாயிரத்தில் மூவாயிரம் அப்படியே போய்விடும். வீண் செலவு என்று சொல்வது சுலபம். அவசரத்துக்கு வங்கி கடன் தராத வீட்டுக்கு அந்த நோட்டுதான் வங்கி.

வீட்டில் அடுப்பு எரிவது ரேஷனால். இலவச அரிசி, 30 ரூபாய் பருப்பு, 25 ரூபாய் பாமாயில், அம்மாவுக்கு உரிமைத்தொகை ஆயிரம், தங்கை கல்லூரிக்குப் போக டவுன் பஸ் இலவசம். இதையெல்லாம் இலவசம் வாங்கிச் சோம்பேறியாகிவிட்டார்கள் என்று எழுதுகிறவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். எனக்கு வேறு மாதிரிதான் தோன்றுகிறது. இவை இல்லையென்றால் ஒன்பதாயிரத்துக்கு ஒருவனும் பள்ளத்தில் இறங்க மாட்டான். அரசு கொடுப்பதில் ஒரு பகுதி தொழிலாளி வீட்டு வழியாகச் சுற்றிக் குவாரிக்காரர் பைக்கே போகிறது.

"ஒடிசா, பீகார்க்காரன் வந்துதான் கூலியைக் கெடுத்தான்" என்பது அடுத்த வாதம். அவர்கள் குவாரிக்குள்ளேயே தகரக் கொட்டகையில் தங்குகிறார்கள். பெட்ரோல் செலவில்லை, செய்முறை இல்லை, மழை விட்ட மறுநிமிடம் வேலைக்குக் கூப்பிடலாம். அதனால்தான் அவர்களுக்கு நாள் அதிகம் கிடைக்கிறது. ஆனால் ஆபத்தும் அவர்களுக்கு அதே அளவுதான். 2025 மே மாதம் சிவகங்கை மாவட்டம் மல்லாக்கோட்டை குவாரியில் பாறை சரிந்து இறந்தவர்களில் நம் ஊர்க்காரர்களும் இருந்தார்கள், ஒடிசாவிலிருந்து வந்தவரும் இருந்தார்.

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. கல்குவாரியும் சுரங்கம்தான். 1952 சுரங்கச் சட்டத்திலேயே வாரம் 48 மணி நேரம், கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம், பதினெட்டு வயதுக்குக் கீழ் ஆள் கூடாது என்றெல்லாம் இருந்தது. குறைந்தபட்சக் கூலி விஷயத்தில் சுரங்கம் மத்திய அரசின் பொறுப்பு. ஏப்ரலிலும் அக்டோபரிலும் விலைவாசிக்கு ஏற்ப பஞ்சப்படி மாறும். கல் உடைப்பதற்கு 200 கன அடி லோடுக்கு, கல்லின் அளவைப் பொறுத்துத் தனித்தனிக் கூலிகூட மத்திய அரசின் அந்தக் கூலி அறிவிப்பில் வரும். இதை ஒரு குவாரி வாசலில் தமிழில் எழுதி ஒட்டி நான் பார்த்ததில்லை.

வேலை நிறுத்தி வைக்கப்படும் நாளுக்குப் பாதிச் சம்பளம் என்பதும் சட்டத்தில் உண்டு. ஆனால் அங்கே குறைந்தது ஐம்பது பேர் வேலை செய்ய வேண்டும், ஆளும் ஒரு வருடம் தொடர்ந்து இருந்திருக்க வேண்டும். புதுப் பையன் இரண்டிலுமே அடிபடுகிறான். தொழிலாளர்களுக்கான மருத்துவக் காப்பீடான ஈ.எஸ்.ஐ. கதை இன்னும் விசித்திரம். பழைய சட்டம் தொழிற்சாலை என்ற வரையறையிலிருந்து சுரங்கத்தை வெளியே வைத்துவிட்டது. அதனால் மேலே கிரஷரில் நிற்பவனுக்கு ஈ.எஸ்.ஐ. அட்டை இருக்கலாம், அதே முதலாளியின் பள்ளத்தில் நிற்பவனுக்கு இல்லை. கல்தூசு இருவர் நெஞ்சுக்குள்ளும் ஒரே மாதிரிதான் போகிறது. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன, அபாயமான வேலையில் ஒரே ஒருவர் இருந்தாலும் ஈ.எஸ்.ஐ.க்குள் கொண்டுவர அதில் வழி இருக்கிறது. நம் பக்கம் அது எப்போது வந்து சேரும் என்று பார்க்க வேண்டும்.

இதெல்லாம் நடக்காத காரியம் என்பவர்கள் குடுமியான்மலைப் பக்கம் போய் வயதான பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் புதுக்கோட்டை ஆட்சியராக இருந்தபோது, குவாரியில் கொத்தடிமைகளாகக் கல் உடைத்துக் கிடந்த பெண்களின் குழுக்களுக்கே குவாரியைக் குத்தகைக்கு விட்டார்கள். அறிவொளி இயக்கத்தில் எழுதப் படிக்கக் கற்றவர்கள் லோடு கணக்கைத் தாங்களே எழுதினார்கள். அந்த ஏற்பாடு நீடிக்கவில்லை. இன்றைக்கு இயந்திரக் குவாரியை அப்படி நடத்த முடியும் என்றும் நான் சொல்லவில்லை. கணக்கு நோட்டு தொழிலாளி கையில் இருந்தபோது கூலி மாறியது, அதைத்தான் சொல்கிறேன்.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. குத்தகை கொடுக்கும்போதும் நீட்டிக்கும்போதும் எத்தனை கன மீட்டர், எத்தனை ஆண்டு என்று எழுதுகிறார்களே, அதோடு ஒரு வரி சேர்க்கட்டும். சேர்ந்த முதல் மாதத்திலிருந்தே ஆளுக்கு மாதம் இருபத்திரண்டு நாள் சம்பளம் உறுதி, அதுவும் வங்கிக் கணக்கில். வரி ஏறினால் யூனிட்டுக்கு விலை ஏற்றத் தெரிந்தவர்களுக்கு இதையும் விலையில் சேர்க்கத் தெரியும். நான் வீடு கட்டும்போது அந்தக் கூடுதல் விலையைக் கொடுக்கத் தயார்.

அதுவரை, போஸ்டரைப் பார்த்துவிட்டு எனக்கு மெசேஜ் போடும் தம்பிகளுக்கு: எழுநூறா எண்ணூறா என்பதை அப்புறம் பேசுங்கள். அங்கே ஏற்கெனவே வேலை செய்யும் ஒருவரிடம் போன கார்த்திகையில் எத்தனை நாள் சம்பளம் வந்தது என்று முதலில் கேளுங்கள். வேலைக்குச் சேர்ந்துவிட்டால், வேலை நடந்த நாள், நடக்காத நாள் இரண்டையும் தேதி போட்டு போனில் குறித்து வையுங்கள். குவாரி வேலையில் தகராறு வந்தால் மத்தியத் தொழிலாளர் துறைக்குத்தான் போக வேண்டும், மாநில அலுவலக வாசலில் நின்று ஒரு நாள் கூலியை இழக்காதீர்கள்.